எந்தப் பாத்திரத்திலும் நிற்காத பொருள்

திண்மம், நீர்மம், வாயு என்று மூன்று நிலைகளைப் பாடம் நடத்தும் வகுப்பில் எப்போதும் ஒரு பிள்ளை கையைத் தூக்கிக் கேட்டுவிடும்: "அப்போ நெருப்பு எதுல சேரும் மிஸ்?" கல் திண்மம், பால் நீர்மம், பலூனுக்குள் இருப்பது வாயு. விளக்குச் சுடரை எந்தப் பட்டியலில் எழுதுவது? கையில் பிடிக்க முடியாது, ஊற்றி வைக்க முடியாது. காற்றைப் போலக் கண்ணுக்குத் தெரியாமலும் இல்லை. இந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடைத்த பிள்ளைகள் குறைவு.

கொஞ்சம் வளர்ந்தபின் இன்னொரு கேள்வி வருகிறது. சினிமாவிலோ நாவலிலோ 'ஆன்டிமேட்டர்' என்ற ஒன்று எட்டிப்பார்க்கும். ஒரு சிட்டிகை இருந்தால் ஓர் ஊரே தரைமட்டம் என்பார்கள். சரி, அந்தச் சிட்டிகை எப்படி இருக்கும்? தூளா, திரவமா, புகையா? உலகத்துப் பொருளுக்கெல்லாம் எதிரான ஒன்று என்ன நிலையில் இருக்கும்?

இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு பொருளின் துகள்கள் எப்படிக் கூடியிருக்கின்றன என்பது ஒரு கேள்வி. அந்தத் துகள்கள் எந்த இனத்தவை என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான விடையைத்தான் 'நிலை' என்கிறோம். எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிமேட்டர், வருவது இரண்டாவது கேள்விக்கு விடையாக. இரண்டையும் கலந்துகொண்டால் எதிர்ப்பொருளை ஐந்தாவது நிலை, ஆறாவது நிலை என்று எண்ணிக்கொண்டே போவோம். பலர் அப்படித்தான் எண்ணியிருக்கிறார்கள்.

பாத்திரம் சொல்லும் விடை

இடத்தை அடைத்துக்கொள்வதும் நிறை உள்ளதுமான எதையும் பருப்பொருள் என்கிறோம். அதன் மூன்று நிலைகளுக்குப் பள்ளியில் தரும் இலக்கணம் உண்மையில் பாத்திரத்தை வைத்துச் சொல்லப்பட்டது. எந்தப் பாத்திரத்தில் போட்டாலும் தன் வடிவம் மாறாதது திண்மம். பாத்திரத்தின் வடிவத்தை வாங்கிக்கொண்டு, தன் பருமனை மட்டும் விட்டுக்கொடுக்காதது நீர்மம். வடிவம், பருமன் இரண்டையும் பாத்திரத்திடமே விட்டுவிட்டு மூலைமுடுக்கெல்லாம் பரவுவது வாயு.

எளிய இலக்கணம்தான், ஆனால் நல்ல இலக்கணம். உள்ளே நடப்பதை அது வெளியிலிருந்தே காட்டிவிடுகிறது. பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே அதிர்கின்றன. வெப்பம் ஏறினால் பிடி தளர்ந்து ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன, அது தண்ணீர். இன்னும் ஏறினால் பிடி விட்டே போகிறது, அது நீராவி. ஒரு லிட்டர் தண்ணீர் முழுவதும் 100 டிகிரியில் ஆவியானால் ஏறத்தாழ 1,670 லிட்டர் இடம் கேட்கும். அதே மூலக்கூறுகள், அதே எண்ணிக்கை. ஒன்றுகூட இனம் மாறவில்லை. மாறியது அவற்றுக்கிடையே உள்ள தூரமும் உறவும் மட்டுமே.

எல்லாப் பொருளும் இந்த மூன்று அறைக்குள் ஒழுங்காக உட்காருவதில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் 1927இல் ஒரு புனலில் தாரைப் போல ஒரு பொருளை ஊற்றி வைத்தார். சுத்தியலால் அடித்தால் கண்ணாடி மாதிரி உடையும் பொருள் அது. 1930இல் புனலின் அடியைத் திறந்துவிட்டார். 2014 வரைக்கும் ஒன்பது சொட்டுகள் விழுந்திருக்கின்றன. அது திண்மமா, நீர்மமா? எவ்வளவு நேரம் காத்திருக்கத் தயார் என்பதைப் பொறுத்தது பதில்.

சுடர் எங்கே நிற்கிறது?

எண்ணெய் விளக்கின் சுடருக்குமேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தால் கரி படியும். வீட்டில் கண்மை செய்த பாட்டிகளுக்கு இது தெரியும். அந்தக் கரி எங்கிருந்து வந்தது? சுடருக்குள்ளிருந்துதான். திரி உறிஞ்சிய எண்ணெய் சூட்டில் ஆவியாகிறது. அந்த ஆவி முழுதும் எரிந்து முடியுமுன், அளவில் மிக நுண்ணிய கரித்துகள்கள் உண்டாகி, ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பழுத்து ஒளிர்கின்றன. சுடரின் மஞ்சள் நிறம் அந்தத் திண்மத் துகள்களின் ஒளி. அவற்றைச் சுற்றி இருப்பது சூடான வாயு. திரியில் நீர்மம். ஆக, சுடர் என்பது எந்த ஒரு நிலையும் இல்லை. மூன்று நிலைகளும் கலந்து ஒரு வேதிவினை நடந்துகொண்டிருக்கும் இடம் அது. 'நெருப்பு எதில் சேரும்' என்ற கேள்வி, 'திருவிழா எந்தச் சாலையைச் சேர்ந்தது' என்பது போலத்தான். அந்தப் பிள்ளைக்கு மிஸ் பதில் சொல்லத் தடுமாறியதில் ஆச்சரியம் இல்லை.

சுடரில் இன்னொன்றும் கொஞ்சம் இருக்கிறது. அதிக சூட்டில் சில அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்துகொண்டு வந்துவிடுகின்றன. எலக்ட்ரானை இழந்த அணு மின்னூட்டம் பெற்ற அயனி ஆகிறது. விளக்குச் சுடரில் இவை சொற்பம். மின்னலில், வெல்டிங் பட்டறையின் பொறியில், சூரியனில் இவைதான் பெரும்பங்கு. அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்து திரியும் இந்த நிலைக்குப் பிளாஸ்மா என்று பெயர். வில்லியம் குரூக்ஸ் 1879இல் கண்ணாடிக் குழாயில் மின்சாரம் பாய்ச்சி இதை நான்காவது நிலை என்று அறிவித்தார். பிளாஸ்மா என்ற பெயரை 1928இல் வைத்தவர் இர்விங் லாங்மியூர். எவ்வளவு சூட்டில் எத்தனை அணுக்கள் எலக்ட்ரானை இழக்கும் என்ற கணக்கை 1920இல் போட்டவர் மேகநாத் சாகா. விண்மீன்களின் ஒளியைப் பார்த்தே அவற்றின் வெப்பத்தைச் சொல்ல அந்தக் கணக்குதான் வழி திறந்தது.

நம் வீடுகளில் பழைய டியூப்லைட்டுக்குள்ளும் பிளாஸ்மாதான் இருந்தது. எல்.இ.டி. வந்தபின் நான்காவது நிலை சத்தமில்லாமல் வீட்டைக் காலி செய்துவிட்டது.

பாத்திரத்தின் கதை பிளாஸ்மாவில் முதல்முறையாகச் சிக்கலாகிறது. டியூப்லைட்டின் பிளாஸ்மா மிக மெலிந்தது, கண்ணாடி தாங்கும். அணுக்கருக்களை இணைத்து மின்சாரம் எடுக்க முயலும் உலைகளில் பிளாஸ்மாவின் வெப்பம் 10 கோடி டிகிரியைத் தாண்ட வேண்டும். எந்தச் சுவரும் அதைத் தொட்டுக்கொண்டு இருக்க முடியாது. சுவர் பாழாகும் என்பது ஒருபுறம். சுவரைத் தொட்ட பிளாஸ்மா நொடியில் குளிர்ந்து செத்துவிடும் என்பதுதான் பொறியாளர்களின் பெரிய கவலை. எனவே காந்தப்புலத்தால் அதை அந்தரத்தில் பிடித்து வைக்கிறார்கள். காந்திநகரின் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 'ஆதித்யா' என்ற கருவி 1989 முதல் இந்த வேலையைச் செய்து பழகியிருக்கிறது. காந்தப்புலத்தையே பாத்திரமாக்கும் இந்த வித்தை இந்த அத்தியாயத்தின் கடைசியில் மறுபடியும் தேவைப்படும்.

வெப்பத்தைக் கூட்டாமல் குறைத்துக்கொண்டே போனாலும் புதிய நிலைகள் உண்டு. டாக்காவில் ஆசிரியராக இருந்த சத்யேந்திரநாத் போஸ் 1924இல் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரையிலிருந்து கிளைத்த ஒரு கணிப்பு, 1995இல் அமெரிக்காவின் போல்டர் நகரத்தில் மெய்யானது. தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகே குளிர்ந்த சுமார் 2,000 ருபீடியம் அணுக்கள் தனித்தனி அடையாளம் இழந்து ஒரே அலையாக நடந்துகொண்டன. அது தனியே ஒரு நூல் கேட்கும் விஷயம். இங்கே நமக்கு வேண்டியது ஒன்றுதான்: அங்கேயும் ருபீடியம் ருபீடியமாகவே இருந்தது.

டிராக் தூக்கிப்போடாத விடை

இனி இரண்டாவது கேள்விக்கு, துகள்களின் இனத்துக்கு வருவோம். முதலில் ஒரு சின்னக் கணக்கு: எந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் 4 வரும்? 2 என்போம். மைனஸ் 2 என்பதும் சரியான விடைதான். வயல் ஒன்றின் பக்க அளவைக் கணக்கிடும்போது மைனஸ் விடையைத் தயங்காமல் அடித்துவிடுகிறோம், ஏனென்றால் மைனஸ் 2 மீட்டர் வரப்பு கிடையாது.

1928இல் கேம்பிரிட்ஜில் 25 வயது பால் டிராக் எலக்ட்ரானின் நடத்தைக்கு ஒரு சமன்பாடு எழுதினார். வேகமாக ஓடும் எலக்ட்ரானுக்கும் பொருந்தும்படி, ஐன்ஸ்டைனின் சார்பியலையும் குவாண்டம் விதிகளையும் அதில் ஒன்றாகக் கோத்திருந்தார். சமன்பாடு அற்புதமாக வேலை செய்தது. ஆனால் விடைகள் இரட்டையாக வந்தன: நேர்க்குறி ஆற்றல் கொண்ட எலக்ட்ரான் ஒருபுறம், எதிர்க்குறி ஆற்றல் கொண்ட ஏதோ ஒன்று மறுபுறம். வரப்பு விஷயத்தில் செய்வதைப் போல இரண்டாவதை அடித்துவிட முடியவில்லை. அடித்தால் முதல் விடையும் சேர்ந்து குலைந்தது.

டிராக் ஒரு விசித்திரமான வழி கண்டார். வெற்றிடம் என்று நாம் நினைப்பது உண்மையில் எதிர்க்குறி ஆற்றல் எலக்ட்ரான்களால் விளிம்பு வரை நிரம்பிய சமதரை என்று வையுங்கள். சமதரையில் கிணறு தோண்டினால் பள்ளம் மட்டுமா வருகிறது? பக்கத்தில் மண்மேடும் எழுகிறது. மேட்டுக்குப் பெயர் எலக்ட்ரான். பள்ளம், அதே நிறையும் நேர்மாறான மின்னூட்டமும் கொண்ட இன்னொரு துகளாகத் தோன்றும். மேட்டைத் தள்ளிப் பள்ளத்தை மூடினால் இரண்டும் போய்விடும். தோண்டச் செலவான ஆற்றல் ஒளியாகத் திரும்பி வரும்.

அந்தப் பள்ளம் புரோட்டானாக இருக்குமோ என்றுதான் டிராக் முதலில் பார்த்தார். நேர்மின் துகள் என்று அப்போது தெரிந்திருந்தது அது ஒன்றே. ஆனால் புரோட்டான் எலக்ட்ரானைப்போல 1,836 மடங்கு கனமானது. கணக்கு இடிக்கிறது என்று மற்றவர்கள் காட்டினார்கள். 1931இல் டிராக் துணிந்து சொன்னார்: இதுவரை யாரும் பார்க்காத ஒரு துகள் இருக்கிறது. இன்றைய இயற்பியலாளர்கள் அந்த 'நிரம்பிய தரை' படத்தைக் கைவிட்டுவிட்டார்கள். எதிர்த்துகளும் எலக்ட்ரானைப் போலவே முழு உரிமையுள்ள துகள், எதனுடைய பள்ளமும் இல்லை. படம் போயிற்று, கணிப்பு நின்றது.

அதிக நாள் காத்திருக்க நேரவில்லை. 1932 ஆகஸ்ட் 2 அன்று கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் கார்ல் ஆண்டர்சன் எடுத்த ஒரு புகைப்படத்தில் அது சிக்கியது. விண்ணிலிருந்து வரும் கதிர்களை அவர் முகில் அறையில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஈரம் செறிந்த அந்த அறையில் மின்துகள் போன வழியெல்லாம் மெல்லிய பனிக்கோடு விழும். சுற்றியுள்ள காந்தப்புலம் கோட்டை வளைக்கும். வளையும் பக்கத்தைப் பார்த்து மின்னூட்டத்தின் குறியைச் சொல்லிவிடலாம், துகள் எந்தத் திசையில் போனது என்று தெரிந்தால். அதைத் தெரிந்துகொள்ளவே ஆண்டர்சன் நடுவில் 6 மில்லிமீட்டர் காரீயத் தகடு வைத்திருந்தார். தகட்டைத் துளைத்து வெளிவரும் துகளுக்கு வேகம் குறையும், வளைவு கூடும். அன்றைய கோடு தகட்டுக்கு மேலே அதிகம் வளைந்திருந்தது. ஆகத் துகள் கீழிருந்து மேலே போயிருக்கிறது. அந்தத் திசைக்கு அந்த வளைவு என்றால் அது நேர்மின் துகள். புரோட்டான் என்றால் அவ்வளவு நீளமான கோடு விழாது. எலக்ட்ரானின் நிறை, எதிரான மின்னூட்டம்: பாசிட்ரான்.

இப்படிப்பட்ட தடங்கள் வேறு ஆய்வகங்களின் படங்களிலும் அதற்கு முன்பே விழுந்திருந்தன. எதிர்த்திசையில் போகும் எலக்ட்ரான் என்று ஒதுக்கிவிட்டிருந்தார்கள். ஒரு காரீயத் தகடு நோபல் பரிசைத் தீர்மானித்தது என்று சொன்னால் மிகையாகாது.

எது மாறுகிறது, எது மாறவில்லை

எலக்ட்ரானுக்குப் பாசிட்ரான் போல, புரோட்டானுக்கு எதிர்ப்புரோட்டான் உண்டு. 1955இல் பெர்க்லியில் எமிலியோ செக்ரே, ஓவன் சேம்பர்லேன் குழுவினர் அதை உண்டாக்கிக் காட்டினார்கள். நியூட்ரானுக்கு மின்னூட்டமே இல்லை, ஆனாலும் எதிர்நியூட்ரான் இருக்கிறது. நியூட்ரானின் உள்ளே இருப்பவை குவார்க்குகள் என்ற இன்னும் சிறிய துகள்கள்; எதிர்நியூட்ரானின் உள்ளே இருப்பவை எதிர் குவார்க்குகள். நிறை அதே நிறை. எதிர்ப்பொருளுக்கு மைனஸ் எடை கிடையாது. தராசில் வைக்க முடிந்தால் தட்டு கீழேதான் இறங்கும்.

பொருளும் எதிர்ப்பொருளும் சந்தித்தால் இரண்டும் அழியும் என்பதைச் சிலர் 'சூனியமாகிவிடும்' என்று எழுதுகிறார்கள். அது தவறு. இரண்டின் நிறையும் ஆற்றலாக மாறி வெளியே போகிறது. பொருளுக்கு எதிர் வெற்றிடம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும்: எதிர்ப்பொருளும் பொருள் அளவுக்கே கெட்டியான இருப்புள்ளது.

ஆகவே, அந்தச் சிட்டிகை தூளா திரவமா என்ற கேள்விக்கு விடை: எதுவாகவும் இருக்கலாம். எதிர் அணுக்களைப் போதிய அளவு சேர்க்க முடிந்தால் எதிர்ப்பனிக்கட்டியும் எதிர்த்தண்ணீரும் எதிர்நீராவியும் நம்முடையவை போலவே இருக்கும் என்றுதான் கோட்பாடு சொல்கிறது. எதிர்த்தண்ணீர் எதிர்ப்பாத்திரத்தில் சாதுவாக நிற்கும். நம் வீட்டுச் சொம்பில்தான் நிற்காது.

ஒரு பெட் ஸ்கேன்

இவ்வளவு பயங்கரமான பொருள் எங்கோ சுவிட்சர்லாந்தில் பூமிக்கடியில் இருப்பதாக எண்ண வேண்டாம். பெரிய நகரங்களின் புற்றுநோய் மருத்துவமனைகளில் தினமும் மனிதர்களின் நரம்பில் அதை உண்டாக்கும் மருந்தை ஏற்றுகிறார்கள். பெட் ஸ்கேன் என்ற பெயரில் முதல் எழுத்து பாசிட்ரானுடையது. அதை முழுதாக ஒருமுறை பின்தொடர்ந்து பார்ப்போம்.

தொடக்கம் தண்ணீர். சாதாரணத் தண்ணீர் இல்லை; அதன் ஆக்சிஜன் அணுக்களில் இரண்டு நியூட்ரான் அதிகம், ஆக்சிஜன்-18 என்பார்கள். சைக்ளோட்ரான் என்ற இயந்திரம் புரோட்டான்களைச் சுழற்றி வேகமேற்றி அந்தத் தண்ணீர்மேல் மோதவிடுகிறது. ஒரு புரோட்டான் உள்ளே புகுந்து ஒரு நியூட்ரான் வெளியேறினால், ஆக்சிஜன் ஃபுளோரின்-18 ஆகிவிடும். அதில் 9 புரோட்டான், 9 நியூட்ரான், நிலைக்காத கூட்டணி. 110 நிமிடத்தில் பாதி சிதைந்துவிடும், அடுத்த 110 நிமிடத்தில் மிச்சத்தில் பாதி. ஸ்கேன் சென்டரில் "சொன்ன நேரத்துக்கு வந்துடுங்க" என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். மருந்து அலமாரியில் காத்திருக்காது.

அந்த ஃபுளோரினைக் குளுக்கோஸ் போன்ற ஒரு சர்க்கரையில் ஒட்டவைக்கிறார்கள். எஃப்.டி.ஜி. என்று மருத்துவமனையில் சொல்வது இதைத்தான். நோயாளி சில மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து வருவார். இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு ஊசி போடுவார்கள். பிறகு ஒரு மணி நேரம் போல அமைதியாகப் படுத்திருக்க வேண்டும்; நடமாடினால் தசைகள் அந்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வேகமாகப் பெருகும் புற்றுநோய்ச் செல்களுக்குச் சர்க்கரைப் பசி அதிகம். அவை எஃப்.டி.ஜி.யை அள்ளி உள்ளே எடுத்துக்கொள்கின்றன. எடுத்தபின்தான் அது அசல் சர்க்கரை இல்லை என்று தெரியவரும். செரிக்கவும் முடியாமல், வெளியே தள்ளவும் முடியாமல் செல்லுக்குள்ளேயே தங்கிவிடும்.

இப்போது அந்தச் செல்லுக்குள் ஒரே ஒரு ஃபுளோரின் அணுவைப் பாருங்கள். அதன் ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறுகிறது. மாறும்போது ஒரு பாசிட்ரான் பிறந்து வெளியே பாய்கிறது. (அணு மறுபடி ஆக்சிஜன்-18 ஆகிவிடுகிறது, தண்ணீரில் தொடங்கிய இடத்துக்கே.) பாசிட்ரான் சுற்றியுள்ள அணுக்களில் முட்டி மோதி, சராசரியாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் வேகம் இழக்கிறது. அங்கே உடலின் ஏதோ ஓர் எலக்ட்ரான். சில சமயம் இரண்டும் ஒன்றையொன்று கணநேரம் சுற்றிவிட்டுத்தான் அழியும், சில சமயம் உடனே. இரண்டின் நிறையும் இரண்டு காமாக் கதிர்களாகிவிடுகிறது. ஒவ்வொன்றின் ஆற்றலும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட். எலக்ட்ரானின் நிறைக்குச் சரியான விலை.

இரண்டு கதிர்களும் நேர் எதிர்த்திசையில் கிளம்புகின்றன. ஏறக்குறைய நின்றுகொண்டிருந்த ஜோடியிலிருந்து ஒன்று வலப்பக்கம் பாய்ந்தால் மற்றது இடப்பக்கம் பாய்ந்தாக வேண்டும். உந்தம் சமப்பட வேறு வழியில்லை. நோயாளியைச் சுற்றி வளையமாகப் படிகங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. சில நானோ நொடி இடைவெளிக்குள் இரண்டு படிகங்கள் மினுங்கினால், கணினி அவற்றுக்கிடையே ஒரு நேர்க்கோடு போடுகிறது. அழிவு நடந்தது அந்தக் கோட்டில் எங்கோ. இப்படி லட்சக்கணக்கான கோடுகள் விழவிழ, எங்கே அதிகம் குறுக்கிடுகின்றனவோ அங்கே சர்க்கரை குவிந்திருக்கிறது. மூளையும் சிறுநீர்ப்பையும் எப்போதும் பளிச்சென்று தெரியும், பயப்பட வேண்டியதில்லை. ஒன்று சர்க்கரையை விரும்பித் தின்னும் உறுப்பு. மற்றது மருந்து வெளியேறும் வழி.

எவ்வளவு எதிர்ப்பொருள் இதில் சம்பந்தப்பட்டது? ஊசி போடும் நேரத்தில் நொடிக்கு 37 கோடி சிதைவுகள் நடக்கும் அளவு மருந்து என்று வைத்துக்கொள்வோம். வழக்கத்தில் உள்ள அளவுதான். 110 நிமிட அரை ஆயுளோடு கணக்கிட்டால் அதில் இருப்பது சுமார் 3.5 லட்சம் கோடி ஃபுளோரின் அணுக்கள். எண் பெரிது. எடை? ஒரு கிராமை ஆயிரம் கோடிப் பங்காக்கி அதில் ஒரு பங்கு. அந்த அணுக்கள் எல்லாமே ஆளுக்கொரு பாசிட்ரானைத் தந்து, அவை அத்தனையும் அழிந்தால் கிடைக்கும் மொத்த ஆற்றல் ஏறத்தாழ அரை ஜூல். 9 வாட் எல்.இ.டி. பல்பைக் கண்ணிமைக்கும் நேரம்கூட எரியவைக்காது.

மருந்தே ஏற்றாத உடலிலும் இது நடக்கிறது. நம் உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் மிகச் சிறு பங்கு கதிரியக்கம் கொண்டது; அதிலும் மிகச் சிறு பங்கு பாசிட்ரானை உமிழும். வளர்ந்த ஒருவரின் உடலில் நிமிடத்துக்கு இரண்டு மூன்று பாசிட்ரான்கள் பிறந்து அழிகின்றன. வாழைப்பழத்திலும்தான், அங்கே ஒரு பாசிட்ரானுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

ஊரை அழிக்கும் ஒரு கிராம்

சினிமா சொல்வது கணக்களவில் பொய் இல்லை. ஒரு கிராம் எதிர்ப்பொருள் ஒரு கிராம் பொருளோடு சேர்ந்து அழிந்தால் ஹிரோஷிமா குண்டைப் போல மூன்று மடங்கு ஆற்றல் வெளிப்படும். அந்த ஒரு கிராமைச் சேர்ப்பதுதான் கதை. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் எதிர்ப்புரோட்டான்களை உண்டாக்கி வேகம் குறைக்கும் ஒரு தனி இயந்திரம் இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சில கோடி எதிர்ப்புரோட்டான்களைத் தரும். அந்த வேகத்தில் ஒன்றைக்கூடச் சிந்தாமல் சேர்த்தாலும் ஒரு கிராம் ஆகப் பல ஆயிரம் கோடி ஆண்டுகள் வேண்டும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான். உண்டாக்கச் செலவாகும் மின்சாரமோ, திரும்பக் கிடைக்கும் ஆற்றலைவிடக் கணக்கற்ற மடங்கு. எரிபொருளாகவும் உதவாது, குண்டாகவும் உதவாது. இது குறித்து அச்சப்படுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

பிறகு ஏன் இவ்வளவு பாடுபட்டு அதை உண்டாக்குகிறார்கள்?

மிஞ்சிய பங்கு

ஆற்றலிலிருந்து துகள் பிறக்கும்போதெல்லாம் எதிர்த்துகளும் கூடவே பிறக்கிறது. ஆய்வகத்தில் இதற்கு விலக்கே பார்த்ததில்லை. பிரபஞ்சத்தின் தொடக்கச் சூட்டிலும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். அப்படியானால் இரண்டும் சம அளவில் பிறந்து, சந்தித்து, முழுதும் அழிந்திருக்க வேண்டும். ஒளி மட்டும் மிஞ்சியிருக்கும். விண்மீன் இருக்காது, கல் இருக்காது, இந்தப் புத்தகம் இருக்காது.

ஒருவேளை தொலைவில் எங்கோ எதிர் விண்மீன்கள் இருக்கின்றனவோ? அப்படி இருந்தால் நம் பகுதியும் அந்தப் பகுதியும் தொடும் எல்லையில் காமா ஒளி எரிந்துகொண்டே இருக்கும். அப்படி ஓர் எல்லையைத் தொலைநோக்கிகள் காணவில்லை. இன்று விண்வெளியில் உள்ள ஒளித்துகள்களையும் பொருளையும் எண்ணி ஒப்பிட்டால் கிடைக்கும் சித்திரம் இது: தொடக்கத்தில் சுமார் 100 கோடி எதிர்த்துகளுக்கு 100 கோடியும் ஒன்றும் என்ற கணக்கில் துகள்கள் இருந்தன. நூறு கோடியும் நூறு கோடியும் அழிந்தன. அந்த ஒன்றுதான் நாம்.

அந்த ஒன்று ஏன் கூடுதலாக வந்தது? இயற்கை இரண்டையும் முற்றிலும் சமமாக நடத்தவில்லை என்று 1964இல் ஜேம்ஸ் குரோனினும் வால் ஃபிட்ச்சும் கேயான் என்ற துகளின் சிதைவில் காட்டினார்கள். சிறிய பாரபட்சம். ஆனால் இதுவரை கண்ட பாரபட்சம் எல்லாவற்றையும் கூட்டினாலும் பிரபஞ்சம் மிஞ்சியதை விளக்கப் போதவில்லை. எனவே இன்னொரு வழி: ஓர் எதிர் அணுவைப் பிடித்து வைத்து, சாதாரண அணுவோடு வரி வரியாக ஒப்பிடுவது. எங்காவது ஒரு சிறு வேறுபாடு தட்டுப்பட்டால் போதும்.

சுவரில்லாத பாத்திரம்

பிடித்து வைக்க வேண்டும் என்றதும் பாத்திரப் பிரச்சினை முழு வடிவில் வந்து நிற்கிறது. மின்னூட்டம் உள்ள எதிர்ப்புரோட்டானையும் பாசிட்ரானையும் மின்புலம், காந்தப்புலம் இரண்டையும் கொண்டு வெற்றிடத்தின் நடுவில் நிறுத்திவிடலாம். அப்படி நிறுத்தப்பட்ட பாசிட்ரான் கூட்டம் ஒரு பிளாஸ்மா போலவே நடந்துகொள்கிறது. நிலைகளின் பட்டியல் எதிர்ப்பொருளுக்கும் பொருந்தும் என்பதற்கு இதுவே கைமேல் சான்று.

இரண்டையும் மெல்லக் கலந்தால் எதிர்ஹைட்ரஜன் அணு உண்டாகிறது. அதற்கு மொத்த மின்னூட்டம் பூஜ்யம். மின்புலத்தின் பிடி நழுவிவிடும். எஞ்சியிருப்பது அணுவின் மிக மெல்லிய காந்தத் தன்மை மட்டும். செர்னின் ஆல்ஃபா குழு, நடுவில் வலுக்குறைந்தும் ஓரங்களில் வலுக்கூடியும் இருக்கும் காந்தப்புலத்தை அமைத்தது. தனிச்சுழியிலிருந்து அரை டிகிரிக்குள் குளிர்ந்த அணு மட்டுமே அதில் தங்கும். கொஞ்சம் துடிப்பான அணு சுவருக்குத் தாவி அழிந்துபோகும். 2010இல் 38 அணுக்கள் சிக்கின, அதுவும் நொடியின் ஆறில் ஒரு பங்கு நேரம். அடுத்த ஆண்டே 1,000 நொடிகள் வரை வைத்திருக்க முடிந்தது. 2016இல் லேசர் ஒளி பாய்ச்சி, எதிர்ஹைட்ரஜன் உறிஞ்சும் நிறம் ஹைட்ரஜனுடையதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். ஒத்துப்போனது.

செர்னின் இன்னொரு குழுவான பேஸ், இந்தப் பாத்திரத்தை ஊர்வலம் அழைத்துப் போகவும் பழகுகிறது. ஆய்வகத்திலேயே உள்ள மற்ற இயந்திரங்களின் காந்த இரைச்சல் நுண்ணிய அளவீடுகளைக் கெடுப்பதால், எதிர்ப்புரோட்டான்களை வேறிடம் கொண்டுபோய் அளப்பது நோக்கம். 2024 அக்டோபரில் ஒத்திகையாக 70 சாதாரணப் புரோட்டான்களைப் பொறியில் அடைத்து, லாரியில் ஏற்றி வளாகத்தைச் சுற்றி வந்தார்கள். 70 புரோட்டானுக்கு ஒரு லாரி. சரக்குப் போக்குவரத்து வரலாற்றில் இவ்வளவு குறைந்த எடைக்கு வண்டி பிடித்தவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

எதிர்ப்பொருள் கீழே விழுமா, மேலே எழும்புமா என்று நேரடியாகப் பார்த்ததுதான் இந்த வரிசையில் பலரும் எதிர்பார்த்திருந்த சோதனை. ஆல்ஃபா குழு பொறியைச் செங்குத்தாக நிறுத்தி, மேல்முனை, கீழ்முனை இரண்டின் காந்தத் தடைகளையும் மெல்லத் தளர்த்தியது. அணு எந்த முனையில் சுவரைத் தொட்டு அழிகிறது என்று எண்ணினார்கள். பெரும்பாலானவை கீழ்முனையில் அழிந்தன. 2023 செப்டம்பரில் வெளியான முடிவின்படி எதிர்ஹைட்ரஜன் விழும் முடுக்கம் சாதாரணப் பொருளுடையதில் 0.75 பங்கு, பிழை வரம்பு அகலமானது, 1 என்பதும் அதற்குள் அடங்குகிறது. மேலே எழும்பவில்லை என்பது உறுதி. சரியாக அதே வேகத்தில் விழுகிறதா, ஒரு சதவீதம் முன்பின் இருக்கிறதா என்பதைச் சொல்ல, அணுக்களை இன்னும் குளிரவைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.